பழைய பேட்டரியும் புது பேட்டரியும் இரண்டு அண்ணன்களும்

ஒரு கருவியைச் சொந்தமாக வைத்திருப்பது வேறு, அதை ஒழுங்காகக் கையாளத் தெரிந்திருப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் சாதாரண நாட்களில் வெளியே தெரியாது. புகுந்த வீட்டார் எல்லோரும் கூடத்தில் வேர்த்து வழிந்துகொண்டு நம் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நாளில்தான் தெரியும்.

எனக்கு அது கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது.

அப்போது நான் கடலூரில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் 'சவுண்ட் இன்ஜினியர்' என்பேன். (பாடம் படிக்கும் டீச்சர் நடுவில் இருமினால் அந்த இருமலை வெட்டி எடுப்பதுதான் உண்மையில் என் வேலை.) முதல் சம்பளத்தோடு பிறந்த வீட்டில் அழுது அடம்பிடித்து வாங்கிய பணத்தையும் சேர்த்து, சொந்தமாக ஒரு ரெக்கார்டர் வாங்கியிருந்தேன். சோப்பு டப்பாவை நீளவாக்கில் இழுத்துவிட்டது மாதிரி இருக்கும். தலையில் கொம்பு முளைத்ததுபோல இரண்டு மைக். உள்ளே இரண்டு பேட்டரி. கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த ரெக்கார்டரைப் பையில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப் மாட்டுவதுபோலக் கழுத்தில் மாட்டியிருப்பேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்குவேன். ஒரே ஒரு கண்டக்டர் கேட்டார்: "காது மிஷினாம்மா?"

மாமியார் அதை முதன்முதலில் பார்த்தபோது, "ஏம்மா சுதா, குமரனுக்கு ஷேவிங் மிஷின் வாங்கியாந்தியா?" என்றார்.

இந்த அவமானத்தையெல்லாம் ஒரே நாளில் துடைத்தெறிய ஒரு வாய்ப்பு வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மாமனார் சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். பூர்வீகம் காட்டுமன்னார்கோயில் பக்கம். அவருடைய தம்பி, அதாவது என் சின்ன மாமனார், கடலூரில் தையல் கடை வைத்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. காரணம், ஒரு பந்தி.

சின்ன மாமனார் கடலூரில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். மாமனார் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, கூட்டும் பொரியலும் வந்துகொண்டிருந்த நேரம். சின்ன மாமியாரின் சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான், "பெரியவரே, நீங்க வீட்டு ஆளுதான? அடுத்த பந்தியில உக்காந்துக்கலாமே" என்று சொல்லிவிட்டார். மாமனார் எழுந்தார். கை கழுவினார். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரே சாவுக்குப் போனாலும் ஆளுக்கொரு பஸ்ஸில் போனார்கள். எங்கள் கல்யாணத்துக்குச் சின்ன மாமனார் வந்தார், அட்சதை போட்டார், சாப்பிடாமல் போய்விட்டார். பதிலுக்குப் பதில்.

இவர்களுக்கு ஒரே ஒரு தங்கை. மல்லிகா. அண்ணன்கள் இருவருக்கும் இன்றைக்கும் 'பாப்பா'. சிங்கப்பூரில் மகள் கவிதாவோடு இருக்கிறார். அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று முடிவாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று ஆனது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் என் கணவர் குமரனை போனில் கூப்பிட்டார்.

"குமரா, எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் பேசுறத ஒரு தடவ கேட்டுட்டு உள்ள போறேன்டா."

"அதுக்கென்னா அத்த, ரெண்டு பேரையும் உக்கார வச்சி வீடியோ கால் போடுறேன்."

"வாணாம். நான் லைன்ல இருந்தா ரெண்டு பேரும் எங்கிட்டதான் பேசுவாங்க. அவுங்களுக்குள்ள பேசணும். அத நீ பதிவு பண்ணி அனுப்பு."

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்குப் புல்லரித்தது. அத்தையின் நிலைமையை நினைத்து அல்ல. 'பதிவு' என்ற சொல்லைக் கேட்டு.

"போன்லியே பதிவு பண்ணிடலாம்" என்றார் குமரன்.

"போன்லியா?" என்று நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. "போன்ல எடுத்தா காத்து சத்தந்தான் கேக்கும். ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு அப்படியா அனுப்புவாங்க? எல்லாம் நான் பாத்துக்கறேன்."

தங்கை பெயரைச் சொன்னதும் இரண்டு அண்ணன்களும் மறுபேச்சுப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் என்று முடிவானது. பேசி முடித்ததும் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது என்றும் ஏற்பாடு. மாமியார் அன்று விடியலிலேயே உளுந்து ஊறப்போட்டுவிட்டார்.

சனிக்கிழமை பேட்டரிகளை சார்ஜ் போடலாம் என்று பார்த்தால், என் ஜோடியில் ஒன்றைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டு மாமனாரிடம் கேட்டேன்.

"ரெண்டு பென்சில் பேட்டரி கெடந்துச்சே, அதுல ஒண்ணா? சும்மாதான கெடந்துச்சின்னு கடியாரத்துல போட்டேம்மா" என்றார்.

கூடத்துச் சுவரில் கடிகாரம் டிக் டிக் என்று என் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. நான் ஸ்டூலை இழுத்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"நாளைக்கு நல்ல காரியத்த வச்சிக்கிட்டு ஓடுற கடியாரத்த நிறுத்தாதம்மா. மல்லிகாவுக்கு ஆபரேஷன் வேற."

ஸ்டூலைத் திரும்பத் தள்ளிவிட்டேன். (பழைய பேட்டரி ஒன்றைக் கடிகாரத்தில் போட்டுவிட்டு என்னுடையதை எடுத்திருக்கலாமே என்று உங்களுக்கு இப்போது தோன்றுகிறது. சவுண்ட் இன்ஜினியருக்கு அன்று தோன்றவில்லை.)

குமரன் அலமாரியைக் குடைந்து, காலேஜ் காலத்தில் வைத்திருந்த ஒரு செத்துப்போன கேமராவிலிருந்து ஒரு பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதுவும் சார்ஜ் ஏற்றும் பேட்டரிதான். வேறு கம்பெனி. மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்து, ஒரு முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நைட்டியில் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. என் புது பேட்டரியையும் அந்தக் கிழட்டு பேட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் சார்ஜரில் வைத்தேன்.

கொஞ்ச நேரம்தான். பழைய பேட்டரிக்குப் பச்சை விளக்கு வந்துவிட்டது. புதியது இன்னும் சிவப்பிலேயே நின்றுகொண்டிருந்தது.

"பாருங்க, பழசு பழசுதான்! எவ்ளோ சீக்கிரம் ஏறிடிச்சி!" என்றேன் குமரனிடம். அவரும் அதைப் பெருமையாகப் பார்த்தார். அவருடைய பேட்டரி அல்லவா.

அரைப்படி பிடிக்கும் பாத்திரம் சீக்கிரம் நிரம்பத்தானே செய்யும். அது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டையும் ரெக்கார்டரில் போட்டதும் திரையில் கட்டங்கள் எல்லாம் நிறைந்து நின்றன. முழு சார்ஜ். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சின்ன மாமனார் தோளில் ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். பண்ருட்டிப் பழம், ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும். அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்பதுபோல நின்றார். மாமனார் ஈசி சேரில் உட்கார்ந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார்தான், "வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கொண்டுவந்தார்.

நான் என் ஆட்சியைத் தொடங்கினேன்.

முதலில் மின்விசிறியை நிறுத்தினேன். (அக்னி நட்சத்திரம். உச்சி வெயில்.) ஜன்னல்களைச் சாத்தினேன். குக்கர் விசில் வரக்கூடாது என்று அடுப்பை அணைக்கச் சொன்னேன். தெருவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்த கோலமாவு வண்டியை விரட்ட குமரனை அனுப்பினேன். பிறகு ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

"எல்லாரும் போன ஆஃப் பண்ணி இதுல வைங்க. போன் இருந்தா ரெக்கார்டிங்ல கரகரன்னு இரைச்சல் விழும்."

"நான் ஒரு ஓரமா வச்சி இதுலயும் எடுத்துக்கறேனே சுதா, எதுக்கும் இருக்கட்டும்" என்றார் குமரன்.

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

புதுப் பெண்டாட்டி கேட்கும் இந்தக் கேள்விக்கு எந்த ஆணும் இதுவரை சரியான பதில் சொன்னதில்லை. அவரும் போனை அணைத்துத் தாம்பாளத்தில் வைத்தார். தாம்பாளத்தைக் கொண்டுபோய்ப் பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஸ்டூலில் ஒரு தலையணை, தலையணை மேல் ரெக்கார்டர், இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையை உயர்த்தி, "ம்... பேசுங்க" என்றேன்.

யாரும் பேசவில்லை. கடிகாரம் மட்டும் டிக் டிக் என்றது. வேர்வை வழியும் சத்தம்கூடக் கேட்டுவிடும்போல இருந்தது.

கடைசியில் மாமனார் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பஸ்ஸு கூட்டமா?"

"உக்காந்துதான் வந்தேன்."

"ம்."

பிறகு சின்ன மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கி நீ போயிட்டேன்னு எனக்கு ஆருமே சொல்லல அண்ண. தெரிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியாந்தேன். பஸ்ஸு கெளம்பிடிச்சி. திரும்பிப் போயி ஒனக்கு ஒரு இலைய போட்டு, எல்லாத்தையும் வச்சி, மேல ஒரு இலைய கவுத்து மூடி வச்சிருந்தேன். நீ எறங்கி வந்துடுவேன்னு நெனச்சேன். சாயங்காலம் வரைக்கும் நானும் சாப்புடல."

மாமனாருடைய முகம் கோணியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமியாரே பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார். "எனக்குந்தான்டா மனசு கேக்கல. புவனகிரி தாண்டும்போதே எறங்கித் திரும்பிடலாம்னு பாத்தேன்" என்றார்.

அதன்பிறகு மடை திறந்த மாதிரிதான். சின்ன வயதில் தங்கை வீராணம் வாய்க்காலில் விழுந்த கதை வந்தது.

"நீதான அண்ண பாப்பாவ தூக்குன."

"இல்லடா, மொதல்ல குதிச்சது நீதான். நான் சும்மா கைய குடுத்தேன்."

ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தார்கள். மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். குமரன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் விசித்து விசித்து அழுதேன். இடையில் ஹெட்போனில் சத்தம் நின்றுபோனதை நான் கவனிக்கத்தான் செய்தேன். அழுத அழுகையில் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு வசதியாக அழுதேன்.

எல்லாம் முடிந்தது. தம்பி எழுந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவை நிறுத்துவதற்காக ரெக்கார்டரை எடுத்தேன்.

திரை கறுப்பாக இருந்தது.

வெளிச்சம் அணைந்திருக்கிறது என்று நினைத்து ஒரு பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினேன். தட்டினேன். பேட்டரி மூடியைத் திறந்தேன். பழைய பேட்டரி கொதித்தது. தொட முடியவில்லை. புதியது சாதுவாகக் கிடந்தது. கழற்றி மாட்டியதும் ரெக்கார்டருக்கு ஒரு விநாடி உயிர் வந்தது. அந்த ஒரு விநாடியில் பதிவின் நீளத்தைக் காட்டியது. எல்லாம் சைபர். பிறகு மறுபடியும் கண்ணை மூடிவிட்டது.

"போட்டுக் காட்டும்மா, கேப்போம்" என்றார் மாமனார், வாய் கொள்ளாத சிரிப்போடு.

என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ரெக்கார்டரும் நானும் ஒரே நிலையில் இருந்தோம்.

"என்னா ஆச்சி சுதா?" குமரன் கிட்டே வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "கொஞ்சமாவது..?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

கூடத்தில் விழுந்த அமைதியை அந்த ரெக்கார்டர் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அற்புதமாகப் பதிவு செய்திருக்கும். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்ன மாமனார் மெதுவாக, "அப்ப... நாங்க பேசுனது..?" என்றார்.

"ஒண்ணுமே ஏறல சின்ன மாமா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

நாலெட்டு தூரத்தில், ஒரு தாம்பாளம் நிறையப் போன்கள் அணைந்து கிடந்தன என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாகப் பின்கட்டுக் கதவைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றாக என்னைப் பார்த்தார்கள்.

குமரன் கடைக்கு ஓடிப்போய், ஒரே அட்டையில் இருந்த சாதாரண பேட்டரி ஜோடி ஒன்றை வாங்கி வந்தார். திரும்பி வரும்போது கவிதாவிடம் போனில் பேசியிருக்கிறார். அத்தை கிளம்பத் தயாராகிவிட்டாராம். பதிவு எங்கே என்று கேட்டாராம்.

"இன்னொரு தடவ பேசிட்டாப் போச்சி" என்றார் மாமியார்.

"ஆமா மாமா" என்றேன் நான். அந்த நிலையிலும் எனக்குள் இருந்த இன்ஜினியர் சாகவில்லை. "'பஸ்ஸு கூட்டமா'லேருந்து ஆரம்பிச்சா போதும்."

அண்ணனும் தம்பியும் மறுபடி எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"பஸ்ஸு கூட்டமா?" என்றார் மாமனார், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கும் குரலில்.

"உக்காந்துதான் வந்தேன்."

"ம்."

நான் கையால் 'மேலே, மேலே' என்று சைகை காட்டினேன்.

"அப்பறம் நீதான மன்னிப்பு கேட்ட?" என்றார் மாமனார். நிஜமாகவே ஞாபகம் இல்லாமல்தான் கேட்டார். உதவிக்கு என்னைப் பார்த்தார்.

"நானா? நான் எங்க கேட்டேன்? நான் இலை போட்டு வச்சிருந்தேன்னு சொன்னேன். மனசு கேக்கலன்னு நீதான அழுத."

"மனசு கேக்கலன்னா மன்னிப்பாடா? சரி, இலையில என்னா வச்சிருந்த?"

"எல்லாந்தான். சோறு, கூட்டு, வடை, பாயசம்..."

"வடையா?" மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வடை மொத பந்தியிலியே தீந்துபோச்சின்னு ஒம் பொண்டாட்டியே சொன்னாங்களாமே! சேத்தியாத்தோப்பு வரைக்கும் தெரியும்டா அது!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் பொய்யின்னு சொல்லல. வடை இல்லன்னு சொல்றேன்."

"மாமா, வாய்க்கா கதைக்குப் போயிடலாமே" என்று கெஞ்சினேன். போனார்கள்.

"பாப்பா வாய்க்கால்ல விழுந்தப்ப நான்தான தூக்கியாந்தேன்!"

"நீ தூக்குனியா? இப்பதான், குதிச்சது நான்னு நீயே ஒத்துக்கிட்ட!"

"தம்பியாச்சேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா! ஒனக்கு அன்னிக்கி நீச்சலே தெரியாது!"

"ஒனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது!"

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். குமரன் நடுவில் புகுந்தார். மாமியார் என் காதோரம் குனிந்து, "இப்பவாவது பதிவாவுதாம்மா?" என்றார்.

திரையைப் பார்த்தேன். அலை அலையாக, ஒரு பிசிறு இல்லாமல், என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகச் சிறந்த ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"அருமையா ஆவுது அத்த" என்றேன்.

"நான் கெளம்புறேன்!" என்று சின்ன மாமனார் செருப்பைத் தேடினார். "இந்த ஊட்டுல எனக்குச் சோறு வாணாம்!"

"போடா! அந்தப் பலாப்பழத்தையும் தூக்கிக்கிட்டுப் போ!"

அதை மட்டும் அவர் தூக்கவில்லை. அவ்வளவு கனம். வெறுங்கையோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். மாமனார் அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். ஆறு வருடப் பகையைத் தீர்த்து வைத்து, அதே மதியத்தில் புதுப்பித்தும் கொடுத்த ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன்.

எப்படியாவது ஒப்பேற்ற வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தேன். சண்டையை எல்லாம் வெட்டிவிட்டு, பாசமான பகுதிகளை மட்டும் சேர்த்து அனுப்புவது என் திட்டம். (இருமல் வெட்டிய கை!) வெட்டி வெட்டி வந்ததில், "பஸ்ஸு கூட்டமா?", "உக்காந்துதான் வந்தேன்", "ம்" என்ற மூன்றும்தான் மிஞ்சின. சரி, இதுவும் அண்ணன் தம்பி பேச்சுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கவிதாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

"என்னா இது, இவ்ளோ பெருசா போவுது?" என்றார் பின்னால் நின்ற குமரன்.

அப்போதுதான் பார்த்தேன். வெட்டிய கோப்பை விட்டுவிட்டு முழுக் கோப்பை அனுப்பியிருந்தேன். வடை, வாய்க்கால், நீச்சல், பலாப்பழம் எல்லாம் அடங்கிய முழுக் கோப்பு. இதய ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு.

அவசர அவசரமாக அழித்தேன். உடனே கவிதாவிடமிருந்து பதில் வந்தது: 'ஏன் அண்ணி அழிச்சிட்டீங்க? அதுக்குள்ள டவுன்லோட் ஆயிடிச்சி. அம்மா கேட்டுட்டுதான் இருக்காங்க.'

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். குமரன், "அத்தைக்கு ஏதாவது ஆயிடிச்சின்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். விஷயத்தைக் கேட்ட மாமியார் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். மாமனார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "எதை அனுப்பிட்ட?" என்றார். சொன்னேன். அவர் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். சின்ன மாமனார்.

"போன விட்டுட்டுப் போயிட்டேன்" என்றார் யார் முகத்தையும் பார்க்காமல். நான் பிடுங்கி வைத்த அதே போன். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்னா? பாப்பாவுக்கு என்னா?" என்றார்.

யாரும் பதில் சொல்வதற்குள் குமரனின் போன் அடித்தது. சிங்கப்பூர்.

அவர் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். விட்டுவிட்டு ஒரு கேவல். மாமனாரும் சின்ன மாமனாரும் ஒரே நேரத்தில் "பாப்பா!" என்று கத்தினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அய்யோ... அய்யோ அண்ண..." என்றது அத்தையின் குரல். "என்னால முடியலியே... வயிறு வலிக்குதே..."

அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத..." என்று மாமனார் தொடங்கினார்.

"என்னாத்த வச்சிக்காத? நீங்க ரெண்டு பேரும் அழுது கொஞ்சிப் பேசி அனுப்பியிருந்தா, நான் நம்பியே இருக்க மாட்டேன். யாரோ எழுதிக் குடுத்துப் படிக்க வச்சிருக்காங்கன்னு நெனச்சிருப்பேன். இதான் எங்க அண்ணனுங்க." மறுபடியும் சிரிப்பு. "ஆமா, வாய்க்கால்லேருந்து யாரு தூக்குனதுன்னு சண்ட போடுறீங்களே, ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல?"

"நான்தான பாப்பா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"நீங்க ரெண்டு பேரும் கரையில நின்னுக்கிட்டு, 'நீ குதி', 'நீ குதி'ன்னு அன்னிக்கும் சண்டதான் போட்டீங்க. நான் எரும மாட்டு வாலப் புடிச்சிக்கிட்டு நானே ஏறி வந்தேன்!"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. (அதற்கும் இன்றுவரை சண்டை இருக்கிறது.)

"சாப்ட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றார் அத்தை. இருவரும் அடுப்படியைப் பார்த்தார்கள். "சாப்புடலியா? போங்க, ஒரே பந்தியில உக்காருங்க. உக்காந்துட்டீங்கன்னு குமரன் சொன்னாத்தான் நான் வண்டியில ஏறுவேன்."

மாமியார் பறந்து இலை போட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சின்ன மாமனார் தன் இலையில் விழுந்த வடையை எடுத்து அண்ணன் இலையில் வைத்தார்.

"இந்தா. அன்னிக்கி வச்சிருந்த வடை."

மாமனார் அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆறிப்போச்சிடா."

"வருசம் ஆறு ஆவுது. ஆறாம என்னா பண்ணும்?"

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கவிதாவின் செய்தி வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் வேலைக்குப் போகவில்லை. அண்ணனும் தம்பியும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, பேசாமல், பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்கள்.

பிறகுதான் நான் ரெக்கார்டரோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். பழையதையும் புதியதையும், வெவ்வேறு கம்பெனி பேட்டரிகளையும் சேர்த்துப் போடாதே என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் இரண்டு பேட்டரிகள் படம், குறுக்கே பெருக்கல் குறி. அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பேட்டரியைக் கீழே போடக்கூடாது என்று சொல்கிறார்கள் என நினைத்திருந்தேன். விஷயம் எளியதுதான். பழையது சீக்கிரம் நிறைந்தது மாதிரியே சீக்கிரம் காலியாகிவிடும். புதியதில் இன்னும் தெம்பு இருக்கும், அது காலியானதையும் சேர்த்து இழுக்கும். பழையது சூடேறிப் படுத்துவிடும், அதோடு கருவியும் படுத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பை மூடி வைக்கக்கூட அதற்கு நேரம் இருக்காது. தொலைந்த பதிவை மீட்க எனக்குத் தெரிந்த மென்பொருள்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். சைபர் சைபராகவே இருந்தது. மூடி வைத்த அந்த இலையைப் பற்றிய பேச்சு, அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களின் காதில் மட்டும்தான் இருக்கிறது.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் என் தொழிலுக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. ஏதாவது விசேஷத்தில் நான் கூடத்துக்குள் நுழைந்தால், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அவரவர் போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. தானாக நடக்கிறது.

எங்கள் மகளுக்குப் பெயர் வைத்தபோது மல்லிகா அத்தையும் வந்திருந்தார். மாமனார் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து, காதோடு வாய் வைத்து, முறைப்படி மூன்று தடவை பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டப்போன நேரம், சின்ன மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ண, எதுக்கும் இன்னொரு தடவ சொல்லிடு" என்றார். "சுதா இங்கதான் இருக்கா."